ஏட்டுச் சுரைக்காயும் பறக்கும்!



ஆண்டு மலர் என்றால் கவிதை, துணுக்கு, 'இன்டர்வியூவில் வெற்றி பெறுவது எப்படி' என்று எழுதுவதுதான் வழக்கம். நான் கொஞ்சம் வறண்ட விஷயத்தை எடுத்துக்கொண்டேன். பேப்பர் வேலை! உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பலர் இன்னும் இரண்டு வருஷத்துக்குள் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நமக்குள் ஒரு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. டிசைன் வேலை கிடைத்தவன் மகாராஜா. சி.என்.சி. மெஷினில் நிற்பவன் ராஜா. மெயின்டனன்ஸ் போனவன் தளபதி. 'குவாலிட்டி டாக்குமென்டேஷன்' என்று ஆர்டர் வாங்கினவன்? "ஏன்டா, மெக்கானிக்கல் படிச்சுட்டு ஃபைல் தூக்கவா போறே?" என்று ஹாஸ்டலே சிரிக்கும். விமான உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். மெஷின் ஷாப்புக்குப் பெயர் கொடுக்க முண்டியடித்தார்கள். தர ஆவணப் பிரிவுக்கு என்றதும் எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள். ஒருவன் பழமொழியே சொன்னான்: "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது மாப்ளே!"

என் கட்சி இதற்கு நேர் எதிர். விமானத் தொழிலில், ஏட்டில் இல்லாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த மேஜையில் என்ன நடக்கிறது?

போன விடுமுறையில் ஒரு மாதம் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஓசூர்ப் பக்கம் விமான பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்து என்னைத் தர ஆவணப் பிரிவில் உட்கார வைத்தார்கள். அங்கே இருந்த அக்காவும் டிப்ளமோ படித்தவர்தான். அவர் மேஜையைத் தாண்டாமல் ஒரு வாஷர்கூட வெளியே போகாது.

அலுமினியப் பாளம் ஸ்டோருக்கு வந்தவுடன் அதனோடு ஆலையின் சோதனைச் சான்றிதழும் வரவேண்டும். அதில் உருக்கிய தொகுதியின் எண், அதாவது ஹீட் நம்பர், இருக்கும். பாளத்தில் குத்தியிருக்கும் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். பாளத்தை அறுத்தால் துண்டுக்குத் துண்டு அந்த எண் கூடவே போகும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ரூட் கார்டு. திருப்பியது யார், துளைத்தது யார், அளந்தது யார், எந்த மைக்ரோமீட்டரால் அளந்தார், அந்த மைக்ரோமீட்டரைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி என்ன... எல்லாம் அதில் ஏறும். ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் எண் போட்ட தனி முத்திரை. அந்த முத்திரையை இன்னொருவர் தொடக்கூடாது.

புது பாகம் முதன்முதலாகச் செய்தால், டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் வட்டம் போட்டு எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் அளந்து, பட்டியலாக எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்பவேண்டும். இதற்கு 'ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் இன்ஸ்பெக்ஷன்' என்று பெயர். டிராயிங் மாறினால் பழைய ரிவிஷன் தாளை ஷாப்பிலிருந்து தேடிப் பிடித்து எடுத்துவிடுவதும் இந்தப் பிரிவின் வேலைதான். பழைய தாள் ஒன்று மெஷினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால், நூறு பாகம் துல்லியமாக, சுத்தமாக, தப்பாகத் தயாராகிவிடும்!

ஒருநாள் இப்படி நடந்தது. சான்றிதழில் இருந்த ஹீட் நம்பருக்கும் பாளத்தில் இருந்த எண்ணுக்கும் ஒரே ஓர் இலக்கம் வித்தியாசம். லாரி வாசலில் நிற்கிறது. புரொடக்ஷன் சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"என்னம்மா, ஒரு நம்பர்தானே? டைப் அடிக்கிறப்போ மாறியிருக்கும். விடும்மா."

"இருக்கலாம் சார். அதையே மில்காரங்க எழுதிக் குடுத்துட்டா உடனே அனுப்பிடுறேன்."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொல்றதை எங்கே சார் ஃபைல் பண்றது?"

லாரி மூன்று மணி நேரம் நின்றது. ஆலையிலிருந்து திருத்திய சான்றிதழ் வந்தது. டைப் அடித்ததில்தான் பிழை. பாளம் நல்ல பாளம்தான். "பாத்தியா, மூணு மணி நேரம் வேஸ்ட்" என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார். அக்கா பதில் சொல்லவில்லை. அந்த மூன்று மணி நேரம் வேஸ்ட்டா என்பதுதான் கேள்வி.

உடைத்தால்தான் தெரியும், உடைத்தது பறக்காது

நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையில் போல்ட்டை எடைக்கு வாங்கலாம். விமானத்தில் ஏன் ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் கேட்கிறார்கள்?

நாம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் படித்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு கம்பி எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் யு.டி.எம்.மில் மாட்டி இழுத்து அறுக்கவேண்டும். அறுந்த கம்பியை யாரும் விமானத்தில் மாட்ட முடியாது. மாட்டப் போகிற கம்பியை அறுத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே ஒரே உருக்கில் வந்த தம்பியை அறுத்துப் பார்த்து, அண்ணனை மாட்டுகிறோம். இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு என்ன சாட்சி? அந்தத் தாள்தான்!

6061 அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி6 நிலைக்கு வெப்பப் பதம் செய்தது சுமார் 310 மெகாபாஸ்கல் வரை தாங்கும். பதம் செய்யாத, மிருதுவான நிலையில் உள்ளது சுமார் 125தான் தாங்கும். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனடைசிங், பிளேட்டிங், வெல்டிங் எல்லாம் இதே கதைதான். முடிந்த பாகத்தைப் பார்த்து, உள்ளே சரியாக நடந்ததா என்று முழுசாகச் சொல்ல முடியாது. தொட்டியின் உஷ்ணம், கரைசலின் செறிவு, கரண்ட், நேரம் ஆகியவற்றை நடக்கும்போதே எழுதியிருக்கவேண்டும். மின்வேதியியலுக்காகவே ஓர் ஆராய்ச்சிக்கூடம் நம் ஊரில் இருக்கிறது. அள்ளிக் கொடுத்த அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் காரைக்குடிக்கு வந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட 'செக்ரி'. அரிப்பும் முலாமும் படிக்கிற அந்த ஊரில் இருந்துகொண்டு 'கண்ணால் பார்த்தால் போதாதா?' என்று நாம் கேட்கக்கூடாது.

ஆயுளையும் பாருங்கள். எச்.ஏ.எல். கான்பூரில் உருவான முதல் ஆவ்ரோ விமானம் 1961இல் பறந்தது. அந்த ரகத்துக்கு மாற்றாக சி-295 விமானம் நம் விமானப்படைக்கு வந்து சேர்ந்தது 2023இல்! பாகத்தைச் செய்தவர் ஓய்வு பெற்றுவிடுவார், அளந்தவர் ஊர் மாறிவிடுவார். விமானத்தோடு கடைசி வரை கூட இருப்பது தாள் மட்டுமே.

நடந்த மூன்று சம்பவங்கள்

முதலாவது: 1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் போன பி.ஏ.சி. 1-11 விமானம். 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே! ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தது அதிசயம். காரணம்? கண்ணாடியை மாட்டி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. 90 போல்ட்டில் 84, விட்டத்தில் 0.026 அங்குலம் குறைவு. மீதி 6 நீளத்தில் 0.1 அங்குலம் குறைவு. மாட்டியவர் அனுபவசாலி. பாகப் பட்டியலைப் புரட்டாமல், பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்துவிட்டார். ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும்.

இரண்டாவது: 2024 ஜனவரி 5. அமெரிக்காவில் போர்ட்லாண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282. புத்தம் புதிய போயிங் 737-9. ஏறக்குறைய 16,000 அடியில் பக்கவாட்டு அடைப்புக் கதவு பறந்து போனது. உள்ளே 177 பேர். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்தால், அந்த அடைப்பைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் தொழிற்சாலையை விட்டு வரும்போதே இல்லை! ரிவெட் பழுது பார்க்க 2023 செப்டம்பரில் அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். திறந்ததற்கு ஒரு தாள் போட்டிருக்கவேண்டும். தாள் இருந்தால் மூடியதை யாராவது சோதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தாளே இல்லை. யார் திறந்தார்கள் என்று விசாரணைக் குழு கேட்டபோது காட்டுவதற்கு ஆவணம் இல்லை. நான்கு போல்ட்டு போனதற்கு முன்னால் ஒரு தாள் போயிருந்தது.

மூன்றாவதுதான் நம்மை நேராகத் தொடுவது. 2009 பிப்ரவரியில் ஒன்று, 2011 மார்ச்சில் ஒன்று என்று நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்கள் டாரஸ் எக்ஸ்.எல். ராக்கெட்டில் போய், சுற்றுப்பாதைக்குப் போகாமல் அழிந்தன. இரண்டு முறையும் ராக்கெட்டின் மூக்கு மூடி பிரியவில்லை. இரண்டும் சேர்ந்து 70 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். காரணத்தை நாசா 2019இல் வெளியிட்டது. மூடி பிரியும் இடத்தில் உடைய வேண்டிய இணைப்புக்கு அலுமினியம் கொடுத்த சாப்பா புரொஃபைல்ஸ் என்ற நிறுவனத்தில், இழுவிசைச் சோதனையின் முடிவுகளைத் திருத்திச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் 19 வருஷம்! தேறாத ரீடிங்கைத் தேறியதாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஆய்வக மேற்பார்வையாளர் சிறைக்குப் போனார். நிறுவனம் 4 கோடியே 60 லட்சம் டாலர் கட்டியது.

இழுவிசைச் சோதனை, ரீடிங், மாற்றி எழுதுவது... எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இல்லை?

ரெக்கார்டு நோட்டும் ராக்கெட்டும்

தமிழ்நாட்டில் எந்தப் பாலிடெக்னிக்குக்குப் போனாலும் ஒரு காட்சி உண்டு. ரெக்கார்டு சப்மிட் பண்ண வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி. சீனியர் அண்ணனின் பழைய ரெக்கார்டு கைமாறுகிறது. அதே ரீடிங், அதே கிராஃப், அதே முடிவு. சிலபேர் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றுவார்கள். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை வரவழைப்பதும் உண்டு.

இதற்கு மாணவனை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஒரு மெஷினைச் சுற்றி பத்துப் பேர் நின்றால் ஒருவன் செய்வான், ஒன்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். வந்த ரீடிங்கை அப்படியே எழுதினால் "வேல்யூ தப்பு, திரும்ப எழுதிக்கிட்டு வா" என்பார்கள். கையெழுத்து அழகுக்கும் ஸ்கெட்ச்பென் கோட்டுக்கும் மார்க் உண்டு. உண்மையாக வந்த தப்பான ரீடிங்குக்கு மார்க் இல்லை. அப்படியானால் மூன்று வருஷம் நாம் வாங்கும் பயிற்சி என்ன? 'வரவேண்டியதை எழுது, வந்ததை எழுதாதே' என்பதுதான். இந்தப் பயிற்சியோடு நேரே விமான பாகத் தொழிற்கூடத்துக்குப் போனால் என்ன ஆகும்? 19 வருஷம் சான்றிதழ் திருத்தியவர்களும் எங்கோ ஒரு லேபில் ரெக்கார்டு எழுதிப் பழகியவர்கள்தானே!

நம்ம ஊருக்கு இது புதிதில்லை

கணக்கு எழுதுவதைக் கேவலமாக நினைக்க மற்ற ஊர்க்காரனுக்கு உரிமை இருக்கலாம். செட்டிநாட்டுக்காரனுக்கு இல்லை. ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கடல் தாண்டிக் கடை வைத்தவர்கள் நகரத்தார். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடையை மேலாள் நடத்துவார். பெட்டியடிப் பையனாகப் போனவன் பேரேடு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாள் ஆவான். நடுவில் கடல். முதலாளியின் கண்ணுக்குத் தெரிவது கணக்கு மட்டும். கணக்கு உண்மையாக இருந்ததால்தான் இங்கே ஆயிரம் ஜன்னல் வைத்து வீடு கட்ட முடிந்தது. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற சமூகம் வாழும் ஊர் இது.

இன்றும் அதேதான். பாகம் ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ தயாராகும். மாட்டுகிறவன் பிரான்சிலோ அமெரிக்காவிலோ இருப்பான். பெங்களூரு எச்.ஏ.எல். செய்த கதவுகள் ஏர்பஸ் ஏ320 விமானங்களில் போயிருக்கின்றன. நடுவில் கடல். அவனுக்கு நம்மைத் தெரியாது. நம் தாளைத்தான் தெரியும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் நம் பெரியவர்கள். ஆகாயத்தில் போடுவதை அளக்காமல் போடலாமா?

எதிர்க்கட்சிக்குப் பதில்

"இது குமாஸ்தா வேலை. நாளைக்குக் கம்ப்யூட்டர் செய்துவிடும்" என்பார்கள். பதிவதைக் கம்ப்யூட்டர் செய்யட்டும், நல்லதுதான். டி6 என்று போட்ட சான்றிதழில் 125 மெகாபாஸ்கல் என்று இருந்தால் திடுக்கிட வேண்டும். அந்தத் திடுக்கிடல் மெட்டலர்ஜி படித்தவனுக்குத்தான் வரும். ஆகவே இது டிப்ளமோக்காரன் உட்கார வேண்டிய நாற்காலி.

"சம்பளம் கம்மி, கான்ட்ராக்ட்டில்தான் எடுக்கிறான்" என்பார்கள். பல இடங்களில் இது உண்மை, மறைக்க மாட்டேன். பாகத்தை நிறுத்தும் பொறுப்பை ஒருவன் தலையில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற பயத்தையும் அவனுக்கே கொடுத்தால் அவன் எப்படி 'முடியாது' என்று சொல்வான்? வேலை நிரந்தரமும் கௌரவமான சம்பளமும் வேண்டும் என்று கேட்போம். நாமே அதைக் 'ஃபைல் தூக்குற வேலை' என்று கேலி செய்தால் முதலாளி மட்டும் ஏன் மதிப்பான்?

"ஆடிட் வருவதற்கு முந்தின ராத்திரி எல்லாத்தையும் உட்கார்ந்து நிரப்புறாங்க. இதெல்லாம் வேஷம்" என்பார்கள். இந்தக் குற்றச்சாட்டுக்கு என் பதில், ஆமாம். பார்க்காமல் நிரப்பிய தாள், இல்லாத தாளைவிட மோசம். ஏ.எஸ். 9100 என்ற விமானத் தொழில் தரநெறி 1999இல் வந்தது. அதைச் சுவரில் மாட்டினால் தரம் வந்துவிடாது. நடக்கும்போது எழுதினால்தான் அது ஆவணம்; நடந்தபின் ஜோடித்தால் அது கதை.

சரி, மேலதிகாரி "போடுய்யா கையெழுத்தை" என்றால் என்ன செய்வது? இதைத்தான் நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. சண்டை போட வேண்டியதில்லை. முறையான வழி இருக்கிறது. பாகம் டிராயிங்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கென்று ஓர் அறிக்கை உண்டு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, தேதி போட்டு, பாகத்தைத் தனியே ஒதுக்கவேண்டும். அதைப் பயன்படுத்தலாமா, சரிசெய்யலாமா, குப்பையில் போடலாமா என்று முடிவுசெய்ய அதிகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பாகம் போகட்டும். 'எழுதிக் கொடுங்க சார்' என்ற மூன்று சொல் ஆயுதம் எல்லோரிடமும் இருக்கிறது. ஓசூரில் அந்த அக்கா அதைத்தான் எடுத்தார். அன்றைக்கு எண் பிழையாக இருந்ததால் மூன்று மணி நேரம் போனது. பாளம் பிழையாக இருந்திருந்தால்?

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

ஆலோசனை சொல்லிவிட்டு ஓடுவது என் வழக்கமில்லை. ஆகவே நம் மாணவர் சங்கம் எடுத்துச் செய்யக்கூடிய நான்கு விஷயங்கள்:

1. ரெக்கார்டில் வந்த ரீடிங்கையே எழுத அனுமதியும், அது ஏன் விலகியது என்று எழுதினால் மார்க்கும் கேட்போம். துறைத் தலைவர்களிடம் மரியாதையாக எடுத்துச் சொன்னால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

2. லேபில் உள்ள ஒவ்வொரு வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜுக்கும் ஓர் எண். கடைசியாகச் சரிபார்த்த தேதி எழுதிய ஒரு சீட்டு. இதை மாணவர்களே ஒரு சனிக்கிழமையில் தொடங்கலாம். செலவு ஒரு நோட்டும் கொஞ்சம் பசையும்தான்.

3. அப்ரண்டிஸாகவோ டிரெயினிங்குக்கோ போகிறவர்கள், ஒரு வாரமாவது தர ஆவணப் பிரிவில் உட்கார வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

4. விமானத் தொழிலில் வேலை செய்யும் நம் சீனியர்களை வருஷத்துக்கு ஒருமுறை அழைத்துப் பேசவைப்போம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் பாதையில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து மையங்கள் குறித்திருக்கிறார்கள். திருச்சி நமக்குப் பக்கத்து ஊர். அங்கே என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வோமே!

நண்பர்களே, விமானத்தில் ஏறுகிற யாரும் போல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு உட்காருவதில்லை. யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் பெல்ட்டைப் போடுகிறார்கள். பிழைப்புக்காக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற நம் அண்ணன்மார்களும் அப்படித்தான் போகிறார்கள். அந்த 'யாரோ' நாளைக்கு நம்மில் ஒருவராக இருக்கலாம். அன்றைக்குப் பேனாவை எடுக்கும்போது பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பழக்கத்தை அடுத்த ரெக்கார்டு நோட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

மாணவர் ஒற்றுமை ஓங்குக!

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை